குளக்கரையில் ஒரு கேலிப்படம்

அணில் போட்ட கேலிப்படத்தை ஆடுகள் திருஷ்டிப் படம் என்று நினைத்துவிட்டன. வினையே அங்கேதான்.

குளத்துக்குத் தலைவர் காட்டுப்பன்றி. காவல் காக்கிறேன் என்று சொல்லியே பாதிக் குளத்தைக் குடித்துவிட்டது. ஆடுகளுக்குச் சேற்றுத் தண்ணீர்தான் மிச்சம். அணிலுக்குப் பொறுக்கவில்லை. கரித்துண்டை எடுத்துக் கரைப் பாறையில் பன்றியை வரைந்தது. பிதுங்கிய முழி, நீண்ட கோரைப்பல், வாய்க்குள் முழுக் குளம். இதைப் பார்த்தாவது இதுகளுக்கு ரோஷம் வரும் என்று நம்பியது.

வெள்ளாடு வந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"நல்ல காரியம் பண்ணினே தம்பி. இந்த மூஞ்சி இருந்தா எந்தக் கொள்ளிக்கண்ணும் நம்ம குளத்துல படாது."

"ஐயோ அக்கா, திருஷ்டிக்கு இல்ல! தண்ணியைக் குடிக்கிறது யாருன்னு பாருங்க!"

"குடிக்கலடா. வாயில வச்சுப் பத்திரமாக் காப்பாத்துறாரு."

மறுநாள் படத்துக்கு மேலே எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. அணில் தலையில் அடித்துக்கொண்டது. பன்றி குடிப்பதை நிறுத்தவில்லை. குளம் வற்றி, வெள்ளாட்டின் குட்டி, நாக்கு வறண்டு, சுருண்டு விழுந்தது. அப்போதும் ஆடுகள் படத்தைத்தான் கும்பிட்டன.

ஒருநாள் பன்றியே பாறைப் பக்கம் வந்தது. படத்தை உற்றுப் பார்த்து உறுமியது.

"மடச் சனங்களா, இது திருஷ்டிப் படமா? உங்க தண்ணியை நான் குடிச்சுத் தீர்த்துட்டேன்னு இந்த அணில் பய நக்கல் பண்ணியிருக்கான்!"

"நம்ம தலைவரையா?" என்று கத்திய வெள்ளாடு, கொம்பைத் தாழ்த்திக்கொண்டு அணில்மேல் பாய்ந்தது. மந்தையும் பின்னாலேயே ஓடியது.

எது எப்படியோ, படத்தின் அர்த்தத்தைக் கடைசியில் ஆடுகளுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்தது அந்தக் காட்டுப்பன்றிதான்.