பாத்திர வரி

"இனிமே இந்த வீட்டுல யார் காரை எடுத்தாலும், அந்த வேளைப் பாத்திரம் அத்தனையும் அவங்கதான் கழுவணும். இதான் வரி!"

அப்பா இப்படி அறிவித்ததும் சாப்பாட்டு மேஜையில் ஸ்பூன் சத்தம்கூட நின்றுபோனது.

அவர் லேசுப்பட்ட ஆளில்லை. வரித்துறை அதிகாரி. பெட்ரோல் வரியை ஏற்றினால் வண்டி ஓடுவது குறையும், புகையும் குறையும் என்று அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறார். மேலதிகாரி நம்பவில்லை. "என் வீட்டுலயே நடத்திக் காட்டுறேன் சார்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். தோற்றால் ஆபீசில் தலைகாட்ட முடியாது.

"அதுக்கு ஏங்க பாத்திரம்?" என்றாள் அம்மா.

"வரின்னா கசக்கணும். ஆம்பளைக்குப் பாத்திரம் கழுவுறதை விடக் கசப்பு உண்டா?"

மறுநாள் சாயங்காலமே மகன் சாவியை எடுத்தான்.

"எங்கடா?"

"தெருமுனைக்குப்பா. பிளேடு வாங்கணும்."

ராத்திரி சிங்க் நிறையப் பாத்திரம். விசிலடித்துக்கொண்டே கழுவினான்.

அடுத்த நாள், பிளேடை மாற்றப் போனான். அதற்கும் அடுத்த நாள், மாற்றிக் கொடுத்த கடைக்காரருக்கு நன்றி சொல்லப் போனான்.

அப்பாவுக்கு ரத்தம் கொதித்தது.

"வரி போடுறதுக்கு முன்னாடி இவன் வண்டியைத் தொட்டதே அபூர்வம். இப்ப தினமும் எடுக்கிறான்! என் அறிக்கையை நான் பெத்த பிள்ளையே கிழிக்கிறானே! நீயாவது உன் புருஷன்கிட்ட சொல்லக் கூடாதாம்மா?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சனிக்கிழமை அவரால் பொறுக்க முடியவில்லை. மகன் சாவியோடு கிளம்பியதும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். ஊதாரிப் பயலைக் கையும் களவுமாகப் பிடிக்கும் ஆவேசம். தெரு திரும்பியதும் அப்படியே நின்றுவிட்டார்.

திறந்த கதவுக்குத் தோள் கொடுத்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, வியர்க்க விறுவிறுக்கக் காரைத் தள்ளிக்கொண்டிருந்தான் மகன்.

"ரிப்பேராடா?"

"இல்லப்பா." திருதிருவென விழித்தான். "ஸ்டார்ட் பண்ணினா புகை வருமே. உங்க கொள்கை கெட்டுடக் கூடாதுல்ல?"

"பின்னே எதுக்குடா வண்டியை எடுக்கிறே?"

"அவ கையைப் பாத்தீங்களாப்பா? சோப்பு ஒத்துக்காம தோல் தோலா உரியுது. சும்மா ஒரு தட்டை நான் கழுவினாக்கூட 'பொண்டாட்டிதாசன்'னு வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிறீங்க. வரின்னா மட்டும்தான் வாயைத் திறக்க மாட்டேங்கிறீங்க."

அப்பாவுக்கு வெட்கமாக இருந்தது. காரின் பின்பக்கம் போய்க் கை கொடுத்தார். இரண்டு பேருமாகத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்ததும் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ராத்திரிப் பாத்திரம் மருமகளுக்கு என்றால், மதியப் பாத்திரம் என்றைக்கும் அவள் பொறுப்புதான்.

அப்பா அவளையே பார்த்தார். எழுந்து போய்க் கார் சாவியை எடுத்தார்.

"இந்த வெயில்ல எங்க கிளம்பிட்டீங்க? உங்களுக்குத்தான் கார் ஓட்டவே தெரியாதே!"

"தள்ளத் தெரியும். நீ போய்ப் படு!"