தலைக்கு மேல் புகை

பட்டாசு ஆலை விபத்தைப் பற்றித் தான் எழுதிய ஆய்வறிக்கையை, அந்த ஆலைப் பெண்களுக்குப் புரியட்டும் என்றுதான் ரெஜினா படக்கதையாக வரையச் சொல்லியிருந்தாள். முதல் பிரதியை, விபத்தில் தங்கையைப் பறிகொடுத்த குருவம்மாளிடம் கொடுத்தாள். வெந்து சுருங்கிய விரல்களால் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவள், வெடிமருந்து அறைக்குள் தங்கை உட்கார்ந்திருக்கும் படத்தைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

“ஐயையோ, புகை வந்திருச்சே மேடம்! இன்னும் என்னத்துக்கு உக்காந்திருக்கா? ஓடச் சொல்லுங்க!”

தங்கையின் தலைக்கு மேல் வெள்ளை மேகமொன்று சுருண்டு நின்றது. அதிலிருந்து சின்னச் சின்ன வட்டங்கள் தலைவரை இறங்கியிருந்தன. ரெஜினாவுக்கு அது ஒருநாளும் புகையாகத் தெரிந்ததில்லை. இப்போது வேறு எதுவாகவும் தெரியவில்லை.

“புகை இல்லக்கா.” ரெஜினா மேகத்தைச் சுட்டிக் காட்டினாள். “மனசுக்குள்ள நினைக்கிறத இப்படித்தான் வரைவாங்க. உள்ள எழுதியிருக்கிறது அவங்க நினைச்சது.”

குருவம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “சாகிறதுக்கு முன்னால நெனச்சதா? அது தெரியாமத்தான மேடம் எனக்கு இன்னிக்கு வரைக்கும் தூக்கமில்ல. எனக்கு எழுத்து தெரியாது. நீங்க வாசிங்க.”

ரெஜினா குனிந்தாள். அறிக்கையின் முடிவுரையிலிருந்து ஓவியருக்கு அவளே எடுத்துக் கொடுத்த வரிதான். ‘பாதுகாப்பு பற்றி எனக்குப் போதிய விழிப்புணர்வு இல்லையே!’

அதை வாய்க்குள்ளேயே படித்துக்கொண்டாள்.

குருவம்மாள் அந்த மேகத்தை விரலால் மெல்லத் தடவினாள்.

“எம் பேரு இருக்கா மேடம்?”