சடகோபன் வீட்டு வாசல் விளக்கு

எங்கள் கடற்கரைக் காலனியில் வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு விளக்கு உண்டு. உள்ளே இருப்பவர்களின் மனசு எந்தக் கட்சிப் பக்கம் சாய்கிறதோ, அந்தக் கட்சி நிறத்தில் எரியும். கடலோரத்துப் பணக்காரர்கள் நாங்கள் மொத்தமும் ஊதாக் கட்சி. ஒரு வீடு ரோஸானாலும் தெருவுக்கே மனை விலை இறங்கிவிடும்.

போன வாரம் எதிர்வீட்டுச் சடகோபன் விளக்கு ரோஸாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் மாறாவிட்டால் காலனியைக் காலி செய்ய வேண்டும் என்று சங்கத்தார் சொல்லிவிட்டார்கள்.

"எல்லாம் உன்னாலதான்டி! உங்க அருப்புக்கோட்டைப் புத்தி!"

மனைவி பூங்கோதையை அவர் திட்டியது எனக்கு நன்றாகவே கேட்டது. ஜன்னலைத் திறந்துதானே வைத்திருந்தேன்.

புதுப்பெண்ணை ஆடிக்கு அனுப்புவதுபோல, பேரன் எடுத்தவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அவள் அழவில்லை. மிக்ஸியை மட்டும் தூக்கிக்கொண்டு கார் ஏறினாள்.

ஞாயிறன்று சங்கத்தார் வந்து பார்த்தார்கள். வீட்டில் சடகோபன் மட்டும்தான். விளக்கு முன்பைவிடப் பளிச்சென்று ரோஸாக எரிந்தது.

அவர்கள் போனதும் போனை ஸ்பீக்கரில் போட்டார், புண்ணியவான்.

"பூங்கோதை, உடனே கிளம்பி வாம்மா. நீ இருந்தாத்தான் பழியை உன் மேல போட முடியும்."

"நீங்க இங்க வந்துடுங்க. இங்க தெருவே ரோஸ்தான், யாரும் கண்டுக்க மாட்டாங்க. மிக்ஸியும் இங்கதான இருக்கு."