ஒரே அலைவரிசை

கால்வாயின் ஆறு மதகுக்காரர்களுக்கும் பேச ஒரே வயர்லெஸ் அலைவரிசைதான். வெள்ளம் ஏறிய காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தியதால் பொறியாளர் எமில்டாவுக்கு இரைச்சல்தான் கேட்டது. மதகுகளைக் கண்டபடி திறந்தால் மூழ்கிவிடக்கூடிய மூன்று ஊர்கள் கீழே இருந்தன. யார் எப்போது பேசுவது, மதகை எவ்வளவு திறப்பது என்ற இரண்டையும் அவள் சேர்த்தே யோசித்தாள். அவர்கள் மூச்சு வாங்க நிறுத்திய நொடியில் சொன்னாள்: "நான் கூப்பிடுறவங்க மட்டும் பேசுங்க. தண்ணி வேகமா ஏறுற மதகை அடிக்கடி கூப்பிடுவேன். மத்தவங்க உங்க முறை வர்ற வரைக்கும் கதவை ஒரு சாணுக்கு மேல அசைக்காதீங்க."

இரைச்சல் அடங்கியது. ஆறாவது மதகின் காசிம் தன் முறை வந்ததும், "மேடம், இங்க நான் சமாளிச்சுக்குவேன். அங்கதான் தண்ணி வேகமா ஏறுது, என் நேரத்தையும் நாலாவது மதகுக்கே குடுங்க" என்றார்.

எமில்டா நாலாவது மதகை அழைத்தாள். குரல் தெளிவாக வந்தது.

"தண்ணி ஒன்பதடி, மேடம். இப்ப மெதுவாத்தான் ஏறுது."