டெரியரின் மோப்பம்

வாடகைக்கு அறை கேட்டுப் போன நான்கு வீடுகளிலும், அப்பாவுக்கு என்ன வேலை என்று விசாரித்துவிட்டுக் கதவைச் சாத்தியிருந்தார்கள். இது ஐந்தாவது வீடு. சோபாவின் நுனியில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

"குடும்பம் எப்படின்னு நான் கேக்குறதே இல்லம்மா," என்றாள் வீட்டுக்காரி. "எங்க யார்க்‌ஷயர் டெரியர் நாயே சொல்லிடும். மகாராணிங்க மடியில வளர்ந்த ஜாதி. தரமில்லாதவங்களைக் கண்டா குதறிடும்!"

முழங்கை நீள நாய் ஒன்று சீறிக்கொண்டு வந்தது. அவளுடைய பையை முகர்ந்தது. சட்டென்று வாலை ஆட்டி, மடியில் ஏறிப் பையோடு ஒட்டிக்கொண்டது.

"பாத்தியா! பெரிய இடத்துப் பொண்ணுன்னு கண்டுபிடிச்சிடுச்சு. இந்தா சாவி!"

சிரிப்பை அடக்கிக்கொண்டு படியேறினாள். அந்த நாயின் பாட்டன் பூட்டன்களை இங்கிலாந்து மில்களில் எலி பிடிக்கத்தான் வளர்த்தார்கள் என்று படித்திருந்தாள்.

அவளுடைய அப்பாவுக்கும் ஒரு மில்லில் அதே வேலைதான். பை அவருடையது.