அகச்சிவப்பில் மாளவிகா

வலியசாலையில் குடியிருந்த ஜெயந்த், தன் பழைய டிஜிட்டல் கேமராவைக் கடையில் கொடுத்து, உள்ளே இருந்த வடிகட்டியைக் கழற்றச் சொல்லி, அகச்சிவப்புக் கேமராவாக மாற்றி வாங்கியிருந்தான். அதில் பச்சை இலைகள் பனிபோல வெளுத்து விழும். மனிதத் தோலும் பால்போல வரும்.

ஒரு ஞாயிறு காலை மொட்டைமாடியில் மனைவி மாளவிகாவைப் படமெடுத்தான். அவளுடைய இடது கை விரல்கள் மட்டும் கரியாக விழுந்திருந்தன. லென்ஸைத் துடைத்தான். தன் கையைப் படமெடுத்துப் பார்த்தான். அது வெள்ளையாகவே வந்தது. அடுத்த ஞாயிறு கறுப்பு அவள் மணிக்கட்டைத் தாண்டியிருந்தது. அதற்கடுத்த ஞாயிறு தோளுக்கு வந்துவிட்டது.

படங்களை அவளுக்குக் காட்டாமல், சும்மா ஒரு செக்கப் என்று சொல்லி, தம்பானூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனான். அவளுக்கு எல்லா டெஸ்டும் எடுத்தார்கள்; கூடவே அவனுக்கும் பிரஷர் பார்த்தார்கள்.

"ஒரு கொழப்பமும் இல்ல கேட்டோ. உங்களுக்குத்தான் பிரஷர் கூடுதல்," என்றார் டாக்டர் அவனிடம், மலையாளம் கலந்த தமிழில்.

வீட்டுக்கு வந்ததும் கேமராவை அலமாரியில் வைத்துப் பூட்டினான். ஒரு மாதம் கழித்து அவளே சாவியைத் தேடித் திறந்து, அதை எடுத்துக்கொண்டு, மாடியில் நின்ற அவனிடம் வந்தாள்.

"ஏன்னா, இப்பல்லாம் என்னை எடுக்கறதே இல்லையே? இன்னிக்கு என் பிறந்தநாளாக்கும். ஒண்ணே ஒண்ணு."

அவன் கேமராவை வாங்கி அவளை நோக்கிப் பிடித்தான். கேமராவின் திரையில் தென்னைகள் வெள்ளையாக ஆடின. அவள் கழுத்துவரை கறுத்திருந்தாள்.

"எத்தனை நாழி சிரிச்சிண்டே நிக்கறது? எடுங்கோ."

அவன் பொத்தானை அழுத்தவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுப்பு மெல்ல அவள் முகவாயில் ஏறி, சிரித்த உதட்டைத் தொட்டது.