வரைந்த மலையின் எடை

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதற்குப் பந்தயம் கட்டுவதென்ற விவஸ்தையே இல்லை. கோயில் மொட்டைக் கொட்டகை வரிசையில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற ஹேமாத்ரி என்ற பையனின் தலையில் தண்ணீர் சொட்டுகிறது. மொட்டை போடுகிறவர் கத்தியோடு காத்திருக்கிறார். ஜப்பான் படக்கதையில் எவனோ மலையை முஷ்டியால் குத்தி உடைத்தானாம். அந்தக் குத்தின் பலத்தைத் தப்பாகக் கணக்கிட்டவனுக்கு மொட்டையாம். “மலை கோடி டன்னுடா, குத்தும் அவ்ளோ பெருசுதான், ஒத்துக்கோ,” என்று கூட்டாளி யுகேந்தர் போனை நீட்டுகிறான். “வர்ற வாரம் எனக்கு நிச்சயதார்த்தம்டா! தாத்தா, நீயாவது சொல்லு,” என்று என் பக்கம் திரும்புகிறான் ஹேமாத்ரி. முப்பது வருஷம் குவாரியில் கல் உடைத்தவன் நான். “விரிசல் பாத்து அடிச்சா எவ்ளோ பெரிய பாறையும் பொளந்துக்கும். எடைய வச்சிக்கினு இன்னா பண்ணுவ?” என்கிறேன். ஹேமாத்ரி துள்ளி எழுகிறான். “கேட்டியா? சின்ன குத்தே போதும். மொட்டைக்கு நீ உக்காரு!” யுகேந்தர் விடவில்லை. “படத்துல விரிசல் எங்கடா கீது?” இருவரும் மறுபடி போனுக்குள் குனிகிறார்கள். வரைந்தவன் ஒரு கல்லையாவது தொட்டுப் பார்த்திருப்பானா என்று முனகியபடி நான் அடுத்த வரிசைக்குப் போகிறேன்.